காலி லயத்துச் சுவர் ஏன் நடுங்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ஆளில்லாத லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மூன்று தாளில் ஒரே மாதிரி வரைந்து, அனிமேஷனாக மாற்றி மாற்றி ஓட்டினேன். சுவர் நடுங்குகிறது. பாட்டி, 'பூட்டிக் கிடக்குற வீட்டை வரையாதேன்னு சொன்னேனே' என்கிறார். என் கைதான் சரியில்லையா?"

தாள்களை வாங்கி அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். துருப்பிடித்த தகரக் கூரை, பலகைச் சுவர், ஆணியில் தொங்கும் பால் வாளி. பலகை விளிம்பில் மூன்று கோடுகளும் அரை மில்லிமீட்டர் இங்கும் அங்குமாக விலகியிருந்தன. எந்தக் கையும் அப்படித்தான் வரையும்.

சினிமாவில் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் 12 படங்கள் போதும். நிற்கும் படங்கள் அசைவதுபோல் தெரிவதற்குப் பள்ளியில் சொல்லித்தரும் காரணம் 'பார்வை நீடிப்பு': பார்த்த படம் கண்ணில் சற்று நேரம் தங்குகிறது என்பது. அது மட்டும்தான் காரணம் என்றால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பியிருக்க வேண்டும். அசைவை மூளைதான் கட்டுகிறது என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-லேயே காட்டிவிட்டார்.

எப்படிக் கட்டுகிறது? இதற்கு ஒரு வண்டிடம் போக வேண்டும். 1956-ல் ஹாசன்ஸ்டைன், ரைக்கார்ட் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு வண்டின் முதுகைப் பிடித்து நிறுத்தி, காலில் வைக்கோல் உருண்டை ஒன்றைக் கொடுத்து, சுற்றிலும் கோடு போட்ட உருளையைச் சுழற்றினார்கள். வண்டு நகராது; உருண்டைதான் உருளும். அது எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்பதிலிருந்து கணக்கைப் பிடித்தார்கள். கண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். முதல் புள்ளியின் செய்தி சற்றுத் தாமதித்து வரும். இரண்டாவதின் செய்தியும் அதே நேரம் வந்து சேர்ந்தால், 'ஏதோ இங்கிருந்து அங்கே போனது' என்று முடிவு. அவ்வளவுதான்! நம் பார்வைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. வண்டு ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, லயத்துக்கு வருவோம். ஒரு பலகைக் கோடு வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளியதும் அந்த இடத்துக் கணக்கு 'வலது' என்கிறது. கீழே இன்னொன்று 'இடது' என்கிறது. கூட்டிப் பார்த்தால் வீடு எங்கும் போகவில்லை, ஆனால் ஒரு இடமும் சும்மா இல்லை. பாட்டி பயப்படும் பேய் இதுதான்.

இரண்டே தாளை மாற்றி மாற்றி ஓட்டினால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று துடிக்கும். மூன்று இருந்தால்தான் மூச்சு விடுவதுபோல் இருக்கும். கூரையை ஒரே தாளில் விட்டுவிட்டு, சுவரேறிய கொடியை மட்டும் மூன்று முறை வரையச் சொல்லியிருக்கிறேன்.