பூப்பெய்தும் வயதில் கூடும் நிறை

ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் தரம் 7 மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தும்போது, காலையில் சாப்பிட்டார்களா என்று கேட்பது என் வழக்கம். நேரமில்லை, வீட்டில் ஒன்றுமில்லை என்ற பழைய விடைகளோடு, "குண்டாயிட்டேன் டொக்டர், அதான் சாப்பிடல்ல" என்ற விடையும் இப்போது வருகிறது. அப்படிச் சொல்லும் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோரின் நிறை வயதுக்கு ஏற்ற எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சிலரோ நிறை குறைந்தவர்கள்.

பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் மார்பு அரும்பி, அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் மாதவிடாய் வருகிறது. இக்காலத்தில் உயரம் விரைந்து கூடுவதும், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனின் சுரப்பினால் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புப் படிவதும் இயல்பான வளர்ச்சியே. பெரியவளான பின்னர் உயரம் சில சென்ரிமீற்றர்களே கூடும் என்பதால், அந்த வேளையில் பட்டினி கிடப்பது வளர்ச்சியையும் பாதிக்கும், மாதவிடாயால் இழக்கும் இரும்புச்சத்தையும் ஈடுசெய்ய விடாது. ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் பிளேன்டீயும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது.

சடங்கு வீட்டில் நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் ஊட்டிய அதே பெரியவர்கள்தாம், சில மாதங்களில் "இப்படியா பெருக்கிறது" என்று வந்தவர்கள் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் தம்மைக் குண்டென்று எண்ணுவதற்குக் கைத்தொலைபேசிப் படங்களை மட்டும் குறைகூறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்பிள்ளைகள் தம் உடல் மாற்றத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. இந்த வயதில் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மார்பு சற்று வீங்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வற்றிவிடும். இதை அறியாமல், பீலியில் குளிக்கவும் சட்டையைக் கழற்ற மறுக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கான 18.5, 25 என்ற உடற்திணிவுச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் கணிக்கும் BMI) எல்லைகள் பிள்ளைகளுக்குப் பொருந்தா. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, வயதுக்கும் ஆண், பெண் என்ற பாலுக்கும் ஏற்ற வரைபடத்திலேயே பார்க்க வேண்டும். உண்மையாகவே நிறை மிகுந்த பிள்ளைகளும் தோட்டங்களில் உண்டு. அவர்களுக்கும் பட்டினி மருந்தாகாது. இனிப்புப் பானங்களையும் பக்கற் தின்பண்டங்களையும் குறைத்து, உயரம் கூடும்வரை நிறை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பலருக்குப் போதும். கழுத்து மடிப்புகள் கருத்துத் தடித்திருந்தாலோ, 13 வயதாகியும் மார்பு அரும்பாவிட்டாலோ, 15 வயதாகியும் பெரியவளாகாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வகுப்பில் நிறை எடுக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே அழையுங்கள், எண்ணை உரக்க வாசிக்காமல் அட்டையில் மட்டும் எழுதுங்கள்.