காலியாகத் தெரியும் டிஸ்க் காலி இல்லை

“எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் சார், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்.” டேட்டா மீட்புத் தொழிலில் இருக்கிறவன் நான். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்த வாரம் வந்தது ஒரு செகண்ட்ஹேண்ட் ஹார்ட் டிஸ்க். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவர் தன் ஃபைல்கள் தொலைந்துபோனதால் மீட்டுத் தரச் சொன்னார். ஸ்கேன் ஓட்டினால் அவருடைய ஃபைல்களோடு, முன்பு வைத்திருந்தவருடையதும் வரிசையாக எழுந்து வந்தன. ஏதோ ஒரு ஆடிட்டர் அலுவலகம் போல. ஊராருடைய பான் கார்டு நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், கையெழுத்துப் போட்ட படிவங்கள். நான் அவற்றைத் தொடவில்லை. ஆனால் இதற்கு என்னைப் போன்ற ஆள் தேவையே இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளும் ஒரு மதிய நேரமும் இருந்தால் காலேஜ் பையன்கூட எடுத்துவிடுவான்.

ரேஷன் கார்டில் பெயரை நீக்கினால் ஆள் வீட்டைவிட்டுப் போய்விடுவாரா? டெலீட்டும் அப்படித்தான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலில் “இந்த இடம் இனி காலி” என்று ஒரு குறிப்பு விழுகிறது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை இருக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் இதேதான், ஷிஃப்ட் டெலீட் போட்டாலும் இதேதான். “ஃபார்மேட்டே அடிச்சிட்டேன்” என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: விண்டோஸில் குயிக் ஃபார்மேட் புதுப் பட்டியல் போடுகிறதே தவிர, பழைய தரவைத் துடைப்பதில்லை. அந்த ‘குயிக்’ டிக்கை எடுத்துவிட்டால்தான் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் சரியாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. பெரிய கம்பெனிகள் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய டிஸ்க்குகளை அப்புறப்படுத்தும் வேலையை அனுபவமே இல்லாத இடமாற்றக் கம்பெனியிடம் கொடுத்து, அவை தரவோடு ஏலத்துக்குப் போனதால், அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி 2022-இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

சரி, என்ன செய்யலாம்? ஹார்ட் டிஸ்க் என்றால் முழு ஃபார்மேட் ஒரு முறை போதும். முப்பத்தைந்து தடவை மேலெழுத வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இன்றைய டிஸ்க்குக்கு அதெல்லாம் வீண். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வேறு ஜாதி, மேலெழுதினாலும் மூலையில் மிச்சம் இருக்கலாம். தயாரிப்பாளரே தரும் செக்யூர் இரேஸ் கருவியைப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பை விற்கும் முன் விண்டோஸின் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, உள்ளே போய் ‘க்ளீன் டேட்டா’வையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

போன் கொஞ்சம் நிம்மதி. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களும் அதற்குப் பிந்தையவையும் தரவைப் பூட்டியே வைக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் அந்தச் சாவியை அழித்துவிடும். கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக டெலீட் செய்துவிட்டு ரீசெட் செய்யாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களை என்ன சொல்ல? அந்தப் படங்கள் ட்ராஷ் ஆல்பத்தில் முப்பது நாள் பத்திரமாக இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை அறுபது நாள். ரீசெட்டுக்கு முன் போனிலிருந்து மட்டும் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’யை அணையுங்கள். மெமரி கார்டைத் தயவுசெய்து கழற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரீசெட் அதைத் தொடாது.

டிஸ்ப்ளே உடைந்த போன், ஆன் ஆகாத லேப்டாப் இவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஆன் ஆகவில்லை என்றால் உள்ளே எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கை மட்டுமாவது கழற்றி வீட்டில் வையுங்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு, “அப்போ தெரியாமல் டெலீட் ஆனதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்” என்று கிளம்பிவிடாதீர்கள். எஸ்எஸ்டியில் ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு சில நிமிடங்களிலேயே துடைத்துவிடக்கூடும். தரவைப் பூட்டி வைக்கும் போனில் எங்களாலும் பெரும்பாலும் முடியாது. மெமரி கார்டிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் வாய்ப்பு உண்டு, நீங்கள் அதன் மேல் எதையும் எழுதாதவரை. மீட்பு மென்பொருளை அதே டிரைவிலேயே இறக்கிவிட்டு அழுதுகொண்டு வராதீர்கள். கல்யாணப் படம் அழிந்துவிட்டதா? கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். சரிபார்க்க ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.