அம்மோனியாவின் அடியில் தங்கும் எண்ணெய்

அம்மோனியாவில் ஓடும் குளிரூட்டும் ஆலைகளில், கம்ப்ரசருக்கு ஊற்றிய எண்ணெயில் ஒரு பகுதி தானாகத் திரும்பி வராது. எங்கோ போய்த் தங்கிவிடும். அதை ஆள் தேடிப்போய், ஒரு வால்வைத் திறந்து வெளியே எடுக்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு, பால் பதப்படுத்தும் ஆலை என அம்மோனியா ஓடும் இடங்களிலெல்லாம் இது வழக்கமான பராமரிப்பு வேலை. எப்போதும் மூடியே இருக்க வேண்டிய ஓர் அமைப்பை, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் திறக்கும் வேலையும் இதுதான். இந்தத் துறையில் ஆட்களைக் காயப்படுத்திய அம்மோனியா விபத்துகளில் கணிசமானவை எண்ணெய் வடிக்கும் இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

எண்ணெய் ஏன் தங்குகிறது? கம்ப்ரசரில் எண்ணெய்க்குப் பல வேலைகள். பேரிங்குகளை வழவழப்பாக வைத்திருப்பது, சீல்களைக் காப்பது, ஸ்குரூ கம்ப்ரசரில் சுழலும் உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது. அழுத்தப்பட்ட சூடான வாயு வெளியேறும்போது இந்த எண்ணெயில் கொஞ்சத்தைத் துளியாகவும் ஆவியாகவும் கூடவே இழுத்துச் செல்கிறது. வழியில் இருக்கும் ஆயில் செப்பரேட்டர் துளிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆவியாகப் போவதை அதனால் பிடிக்க முடியாது. அது வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரைத் தாண்டி, குளிர்ந்து, மறுபடி எண்ணெயாகிவிடுகிறது.

ஃப்ரீயான் வகை வாயுக்களில் ஓடும் இயந்திரங்களில் இது பெரிய சிக்கல் இல்லை. அங்கே எண்ணெய் குளிரூட்டியில் கரைந்து, அதோடு சுற்றி, கம்ப்ரசருக்கே வந்து சேர்ந்துவிடும். அம்மோனியாவும் கனிம எண்ணெயும் ஏறக்குறைய கலப்பதே இல்லை. எடையிலும் வேறுபாடு உண்டு. மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் திரவ அம்மோனியா சுமார் 650 கிராம்; அதே அளவு எண்ணெய் 900 கிராமை ஒட்டி. ஆக எண்ணெய் மூழ்குகிறது. ரிசீவர் (திரவத்தைச் சேர்த்துவைக்கும் கலன்), இன்டர்கூலர் (இரண்டு கட்ட அழுத்தத்துக்கு நடுவே வாயுவைக் குளிர்விக்கும் கலன்), எவாப்பரேட்டர் (அம்மோனியா கொதித்துக் குளிரூட்டும் பகுதி) என எங்கே திரவ அம்மோனியா நிற்கிறதோ, அதன் ஆக அடியில் எண்ணெய் படிகிறது. எவாப்பரேட்டர் குழாய்களின் உட்சுவரில் அது மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால் வெப்பம் கடப்பது தடைபடும். அதே குளிரைப் பெற கம்ப்ரசர் இன்னும் தாழ்ந்த அழுத்தத்தில் இழுக்க வேண்டிவரும்; மின்கட்டணம் ஏறும். எண்ணெயை வடிக்காமல் தள்ளிப்போடவும் முடியாது.

இதற்காகவே பாத்திரங்களின் அடியில், அதைவிடத் தாழ்வான இடத்தில், ஆயில் பாட் எனும் சிறிய எஃகுக் கலன் ஒன்றை வைத்திருப்பார்கள். மேலிருந்து எண்ணெய் தன் எடையால் இதில் இறங்குகிறது. பாட்டின் மேற்புறத்திலிருந்து, கம்ப்ரசர் வாயுவை உள்ளிழுக்கும் சக்‌ஷன் பக்கத்துக்கு ஒரு வென்ட் குழாய் திரும்பிச் செல்லும். அடியில் வடிகால் வால்வு. பாட்டுக்குப் பெரும்பாலும் காப்பு உறை போடுவதில்லை. அறைக்காற்றின் வெப்பம் உள்ளே போக வேண்டும் என்பதே நோக்கம். வெளிச்சுவரில் பனி படிந்திருக்கும் உயரத்தைப் பார்த்தே அனுபவசாலிகள் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். கொதித்துக்கொண்டிருக்கும் அம்மோனியா தொடும் இடத்தில் பனி வெள்ளையாகப் பூத்திருக்கும். எண்ணெய் நிறைந்த கீழ்ப்பகுதியில் பனி உருகி எஃகு தெரியும்.

எண்ணெயோடு சேர்ந்து வரும் அம்மோனியாதான் ஆபத்து. ஒரு லிட்டர் திரவ அம்மோனியா வெளியே சிந்தினால், அறை வெப்பநிலையில் 900 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்துபோகும் குளிர்ப்புண்ணும், ஈரத்தோடு சேர்ந்து காரமாகி அரிக்கும் புண்ணும் ஒன்றாகவே ஏற்படும். கண்ணுக்கு இதைவிடக் கொடியது குறைவு. காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவை எட்டினாலே உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலிட நலவாழ்வு அமைப்பான நியோஷ் வரையறுத்திருக்கிறது. 15 முதல் 28 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றவும் செய்யும். எண்ணெய்த் துகள்களும் காற்றில் இருந்தால் அதற்கும் குறைந்த செறிவிலேயே பற்றக்கூடும்.

எனவே வடிகால் வால்வைத் தொடுவதற்கு முன்பே, பாட்டுக்குள் அம்மோனியாவையும் எண்ணெயையும் பிரித்துவிட வேண்டும். இந்த வேலையின் முழு அறிவியலும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்பேன்.

முதலில் மேலிருந்து பாட்டுக்கு வரும் வால்வை மூடுகிறார்கள். வென்ட் குழாய் திறந்தே இருக்கும். இப்போது பாட் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்தை ஏற்கிறது. அம்மோனியா கொதித்து வென்ட் வழியாக சக்‌ஷனுக்குப் போகிறது. எண்ணெய் கொதிப்பதில்லை, தங்குகிறது. குளிரில் பசைபோல் இறுகிக் கிடந்த எண்ணெய் இளகி ஓடும் பதத்துக்கும் வருகிறது. அவசரப்படுத்தினால் எண்ணெய்க்குள் சிக்கிய அம்மோனியா, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல் நுரைத்து எண்ணெயையும் மேலே தூக்கிக்கொண்டு போகும். பல மணி நேரம், சில இடங்களில் ஓர் இரவு முழுக்க, பாட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. தீச்சுடரைக் காட்டிச் சூடாக்குவது கூடவே கூடாது.

திரவ அம்மோனியா முழுதும் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? பிரஷர் கேஜும் வெப்பமானியும் சேர்ந்து சொல்லும். ஒரு மூடிய கலனில் திரவ அம்மோனியா ஒரு துளி இருந்தாலும், அழுத்தம் அந்த வெப்பநிலைக்கு உரிய அளவுக்கு ஏறிவிடும். மைனஸ் 10 டிகிரியில் அது சுமார் 2.9 பார் (பார் என்பது அழுத்த அலகு; சாதாரணக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்), 25 டிகிரியில் சுமார் 10 பார். இரண்டுமே காற்றழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. இப்போது பாட் 25 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது, கேஜில் சக்‌ஷன் அழுத்தமான 2.9 பார்தான் (கேஜ் காட்டுவதோடு காற்றழுத்தத்தையும் சேர்த்து) தெரிகிறது என்று வையுங்கள். அந்த வெப்பத்தில் அந்த அழுத்தத்தில் திரவ அம்மோனியா தனியாக நிற்க முடியாது. இருந்தால் கொதித்தே தீர வேண்டும். உறுதிப்படுத்த, ஆள் பக்கத்திலேயே நிற்க, வென்ட்டைச் சிறிது நேரம் மூடிப் பார்க்கலாம். முள் சரசரவென ஏறினால் உள்ளே இன்னும் திரவம் இருக்கிறது. வென்ட்டைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். முள் நின்ற இடத்திலேயே நின்றால் மிச்சம் இருப்பது எண்ணெயும், அதில் கரைந்த கொஞ்சம் வாயுவும். எண்ணெயை வெளியே தள்ளுவதற்கும் மீந்திருக்கும் அந்த அழுத்தமே போதும்.

வென்ட்டையும் வரும் வழியையும் மூடிவிட்டுப் பாட்டை மறந்துவிடுவது தனி ஆபத்து. குளிர்ந்த திரவம் முழுதாக நிறைந்த கலன் சூடேறினால், விரிவதற்கு இடமில்லாமல் எஃகையே பிளக்கும் அழுத்தம் உண்டாகும். நல்ல வடிவமைப்பில் பாட்டுக்கென்று, அழுத்தம் மிகுந்தால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு இருப்பது இதனால்தான்.

அம்மோனியா மைனஸ் 40 டிகிரியில் கொதிக்கும்படி ஓடும் உறைபதன அறைகளில் கணக்கு தலைகீழ். அங்கே சக்‌ஷன் அழுத்தம் சுமார் 0.7 பார், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைவு. வடிகாலைத் திறந்தால் எண்ணெய் வராது. காற்றும் ஈரமும் உள்ளே போகும். அம்மோனியாவை வெளியேற்றிய பிறகு வென்ட்டை மூடி, பாட்டின் அழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சற்று மேலே ஏறியபின்தான் வடிக்க வேண்டும்.

இனி வால்வு. வடிகாலில் இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். முதலாவது சாதாரணக் கைவால்வு. இரண்டாவது ஸ்பிரிங் வால்வு: நெம்புகோலை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் திறந்திருக்கும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். இதன் அவசியம் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்தில் தெரியும். எண்ணெய் வரவில்லை, கசடோ இறுகிய எண்ணெயோ வழியை அடைத்திருக்கிறது. ஆள் வால்வை இன்னும் இன்னும் திறக்கிறார். திடீரென அடைப்பு விலகுகிறது. பின்னாலிருந்து திரவ அம்மோனியா பீய்ச்சி அடிக்கிறது. வெண்மேகத்தில் கண் தெரியாது, மூச்சு விட முடியாது, வால்வைத் தேடித் திருப்ப வழியே கிடையாது. ஸ்பிரிங் வால்வு இருந்தால் அவர் செய்ய வேண்டியது கையை விட்டுவிட்டுப் பின்வாங்குவது மட்டுமே. அந்த நெம்புகோலைக் கம்பியால் கட்டித் திறந்த நிலையில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கை வலிக்கிறது, எண்ணெய் மெதுவாக வருகிறது என்று காரணம் சொல்வார்கள். எந்தக் காரணத்தையும் ஏற்கக் கூடாது. அந்தக் கம்பி, ஓர் உயிர் தப்பிக்க இருக்கும் ஒரே வழியை அடைக்கிறது.

ஆள் தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. இருவர் வேண்டும், ஒருவர் சற்றுத் தள்ளி, வெளியேறும் வழியை ஒட்டி. முழுமுகத்தை மூடும், அம்மோனியாவுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி, நீண்ட ரப்பர் கையுறை, முழுக்கை உடை ஆகியவை கட்டாயம். செறிவு அதிகமான இடத்துக்கு வடிகட்டி போதாது, காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவிதான் வேண்டும். கண் கழுவும் குழாயும் அவசரக் குளியலும் சில விநாடிகளில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்ட இடத்தைக் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து தண்ணீரில் கழுவுவது அவசியம். காற்றோட்ட விசிறி ஓட வேண்டும். எண்ணெய் வடியும்போது இடத்தைவிட்டு நகரவே கூடாது. சீராக வந்துகொண்டிருந்த எண்ணெய் திடீரெனச் சீறினாலோ நுரைத்தாலோ குழாய் முனையில் பனி படிந்தாலோ அம்மோனியா வந்துவிட்டது, மூட வேண்டும்.

வாயு காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று நம்பி நிற்கவும் கூடாது. குளிர்ந்த அம்மோனியா நுண்துளிகளோடு பீய்ச்சும்போது அந்த மேகம் கனத்துத் தரையை ஒட்டியே பரவும். தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. தண்ணீரின் வெப்பத்திலும், இரண்டும் கலக்கும்போது பிறக்கும் வெப்பத்திலும் அது இன்னும் வேகமாக ஆவியாகும். காற்றில் பரவிய வாயுவைக் கரைக்க நீர்ப்புகையைத் தூவுவது வேறு, அது உதவும்.

வடித்த எண்ணெயிலும் அம்மோனியா கரைந்திருக்கும். திறந்த வெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வாயு வெளியேறும் வரை வைத்துவிட்டு, கழிவெண்ணெய்க்கான முறைப்படி அகற்ற வேண்டும். அதை மறுபடி கம்ப்ரசரில் ஊற்றக் கூடாது. எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பதிவேட்டில் எழுதுவதை வெறும் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. ஊற்றிய எண்ணெயின் அளவையும் வடித்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கம்ப்ரசரின் செப்பரேட்டர் பழுதாகிறது, எந்த எவாப்பரேட்டரின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது என்பது இயந்திரத்தைத் திறக்காமலே தெரிந்துவிடும்.