இண்டோல் ‘நறுமணச் சேர்மம்’ அல்ல

“குண்டுமல்லிக்கு வாசம் தருவது இண்டோல் என்னும் நறுமணச் சேர்மம்.” மல்லிகையைப் பற்றித் தமிழில் எழுதும்போது இப்படி ஒரு வரி எளிதில் வந்துவிடும். அதில் ‘நறுமண’ என்ற அடைமொழி தவறு.

முதலில் பெயர். அவுரிச் சாயத்தின் மேல்நாட்டுப் பெயரான இண்டிகோவின் தலையும், எண்ணெயைக் குறிக்கும் ஓலியம் என்ற லத்தீன் சொல்லின் தேய்வும் சேர்ந்து இண்டோல் ஆயிற்று. 1866-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர், அவுரிச் சாயத்தின் வழிவந்த ஆக்சிண்டோலைத் துத்தநாகத் தூளோடு சூடாக்கி இதைப் பெற்றார். பெயரைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து ‘நீலநெய்’ என்று ஆக்கினால் இரண்டு பாதியும் பொய். பொருள் நீலமும் அல்ல, நெய்யும் அல்ல. 52 டிகிரி செல்சியஸ் வரை உருகாத வெள்ளைச் செதில் அது.

இனி அந்த அடைமொழி. அது ‘அரோமேட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. வேதியியலில் அரோமேட்டிக் என்றால் மணமுள்ளது என்று பொருள் இல்லை. வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் பரவி, அந்த வளையத்துக்கு உறுதி தரும் அமைப்பைக் குறிக்கும் சொல் அது. இண்டோலில் எட்டுக் கார்பன்களிலிருந்து எட்டும் நைட்ரஜனிலிருந்து இரண்டுமாகப் பத்து எலக்ட்ரான்கள் அப்படிப் பரவி நிற்கின்றன. அரோமேட்டிக் வளையத்தில் இப்படிப் பரவும் எலக்ட்ரான்கள் 2, 6, 10 என்ற வரிசையில் வர வேண்டும் என்பது ஹுக்கல் விதி; அதன்படி கணக்குச் சரி. அந்த வகைச் சேர்மங்களில் முதலில் அறியப்பட்ட சில மணத்தன, அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. அகராதியைப் புரட்டி ‘அரோமா: நறுமணம்’ என்று பார்த்து எழுதிவிட்டால் மாணவர் என்ன நினைப்பார்? மல்லிகையில் இருக்கும் இன்னொரு மணப்பொருளான லினலூலுக்கு வளையமே கிடையாது. மணக்கிறது, ஆனால் அரோமேட்டிக் அல்ல. இண்டோல் அரோமேட்டிக், செறிவாக இருக்கும்போது அந்துருண்டையும் சாணமும் கலந்த வாடை. ‘நறு’ என்றால் நல்ல என்று பொருள். நல்லதாக இல்லாததற்கு அதை ஏன் சூட்ட வேண்டும்?

பழந்தமிழில் நாற்றம் என்பது மணம் என்றே பொருள்பட்டது. இன்றுதான் அது கெட்ட வாடையாகச் சுருங்கியது. அந்தச் சொல்லின் இரண்டு முகமும் இண்டோலுக்குப் பொருந்தும். மாலையில் விரியும் குண்டுமல்லியில் அது துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் மல்லி மணம் சோப்பு மணமாகிவிடும். ஏற்காட்டு ஆரஞ்சு போன்றவற்றின் பூவிலும் அது உண்டு. அளவு மீறினால் அதே பொருள்தான் மூக்கைச் சுளிக்க வைக்கிறது.

சேலத்தில் ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனை கலப்பவருக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. ‘நறுமணம்’ என்ற சொல்லை நம்பிச் செதிலை அப்படியே கலவையில் போட்டால் தொகுதி முழுவதும் வீண். 1 கிராம் இண்டோலை 99 கிராம் டைபுரொப்பிலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானில் கரைக்க வேண்டும். கரையாவிட்டால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றலாம், நேரடித் தீ கூடாது. மல்லிகைக் கலவைக்கு இண்டோல் மிகச் சிறிதளவே போதும். சொட்டுச் சொட்டாகக் கூட்டி, மறுநாள் காகிதப் பட்டையில் முகர்ந்து பார்த்தபிறகே அடுத்த சொட்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் சிவக்கும் பொருள் இது. வெள்ளைச் சோப்பில் போட்டால் நாளடைவில் சோப்பின் நிறம் மாறும். பழுப்புநிறப் புட்டியில் நிரப்பி இறுக மூடி வையுங்கள்.

ஆகவே வேதியியலில் ‘அரோமேட்டிக்’ என்றே விடலாம். பாடநூல்களிலும் அந்தச் சொல் புழங்குகிறது. வாசனைத் தொழிலில் ‘மணப்பொருள்’ போதும்; நல்ல மணம், கெட்ட மணம் இரண்டும் அதில் அடங்கும். இண்டோலுக்கு இண்டோல்தான். பிறப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அவுரி வழிவந்த வளையம்’ என்று ஒரு தொடர் சேர்த்தால் தெளிவு வரும். ‘இண்டால்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: எத்தனால், மெத்தனால் வரிசையில் சேர்ந்து, இதுவும் ஆல்கஹால் என்று தோன்றிவிடும். ஆல்கஹாலுக்கு அடையாளமான ஹைட்ராக்சில் தொகுதியே (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) இதில் இல்லை.