ரிப்போர்ட் நார்மல், கட்டி மட்டும் அப்படியே

போன வாரமும் ஒருவர் வந்தார். மண்டபம் பக்கம், கடலில் பாசி எடுக்கிறவர். இடது மார்பில் எலுமிச்சை அளவு கட்டி, மேல்தோல் தடித்துக் குழி குழியாக இருந்தது. "எட்டு மாசமா இருக்கு டாக்டரம்மா, ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு, கேன்சர் இல்லைன்னுட்டாங்க" என்று பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சேர்த்துப் பார்த்த சிஏ 15-3, நார்மல். அந்தத் தாளை நம்பி எட்டு மாதம் போய்விட்டது. இப்படித் தாளோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சிஏ 15-3 ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு. நோய் உறுதியாகிப் பரவியவர்களுக்கு மருந்து கேட்கிறதா என்று கவனிக்க உதவும், அவ்வளவுதான். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் அது ஏறுவதே இல்லை, ஈரல் நோய் உள்ளவருக்குப் புற்றுநோய் இல்லாமலே ஏறும். இதைப் பேக்கேஜில் சேர்த்து விற்பதே தப்பு.

இப்போது வாட்ஸப்பில் இன்னொன்று. ரத்தத்தில் ஓடும் புற்றுநோய் செல்லையே பிடித்துவிடுகிறார்களாம், இனி ஸ்கேனும் வேண்டாம், கட்டியில் குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் ஊசியும் (பயாப்ஸி) வேண்டாமாம். செல்லைப் பிடிப்பது உண்மைதான். 1869-லேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் அந்தச் செல்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். காந்தத் துகள்களை வைத்து அவற்றைப் பிரித்து எண்ணும் செல்சர்ச் கருவிக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யாருக்கு? ஏற்கெனவே நோய் பரவிய பெண்களுக்கு. ஏழரை மில்லி ரத்தத்தில் 5 செல்லோ அதற்கு மேலோ இருந்தால் நோய் வேகமாகப் போகும் என்று கணிக்கலாம். ஒரு மில்லியில் சிவப்பணு மட்டுமே 400 கோடிக்கு மேல், அதற்குள் இந்த அஞ்சைத் தேட வேண்டும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில், அதுவும் நோய் உறுதியானவர்களிலேயே, நாலில் மூன்று பேருக்கு அந்த ஏழரை மில்லியில் ஒரு செல்கூடச் சிக்குவதில்லை. மார்பில் கட்டி இருக்கும், ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ரத்தம் சுத்தம் என்றால் மார்பும் சுத்தம் என்று எப்படி நினைக்க முடியும்?

ரத்தப் பரிசோதனையைத் தேடி ஓடுவதற்குக் காரணம் இந்தப் பயாப்ஸி ஊசி மேலுள்ள பயம் என்பது எனக்குத் தெரியும். குத்தினால் பரவிவிடும் என்று சொல்லாத தெரு இல்லை. கட்டி வளர வளர யாரும் குத்தாமலே அதிலிருந்து செல்கள் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும், கலந்தவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்தும் போகும். பயாப்ஸிக்குப் பிறகு பரவியது என்று நீங்கள் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோர் பரவிய பிறகே எங்களிடம் வந்தவர்கள்.

மாதவிலக்கு முடிந்த சில நாளில் மூன்று விரலின் தட்டைப் பகுதியால் அக்குள் வரை அழுத்திப் பாருங்கள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும், "வலிக்கலையே" என்று விடாதீர்கள். காம்பு புதிதாக உள்ளே இழுத்தாலும் ரத்தம் கசிந்தாலும் அப்படியே. கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அப்புறம் ஊசி. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டில் புற்றுநோய் சிகிச்சை உண்டு, செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் லாத்தாமார்களே, துபாயிலிருந்து அவர் லீவில் வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். போனில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.