கழுத்தில் மட்டும் நெட்டி எடுக்காதீர்கள்

போன வாரம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தவருக்கு 34 வயது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில்.

சலூனில் முடி வெட்டி, தலைக்கு மசாஜ் செய்து, கடைசியாகத் தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக்'கென்று திருப்பியிருக்கிறார்கள். "அன்னைக்கு நல்லா லேசா இருந்துச்சு சார்" என்றார். மறுநாள் பின்கழுத்தில் வலி. தைலம் தேய்த்துப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் தலைசுற்றல், வாந்தி, நாக்குக் குழறல். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தபோது சிறுமூளையில் பக்கவாதம்.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. 'சத்தம் வந்தால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது' என்கிற நம்பிக்கையின் மேல்தான். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அங்கே விலகிய எலும்பு எதுவும் இல்லைங்க! மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டை இழுத்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுக்க இழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த கணத்தில் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் உருவானது தெரிந்தது. சத்தம் குமிழி உருவாகும்போது வருகிறதா, சுருங்கும்போது வருகிறதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டிலுமே எலும்பு இடம் மாறுவதில்லை. சுமார் 20 நிமிடம் கழித்து அதே விரலை இழுங்கள், மறுபடி சத்தம் வரும். எலும்பு உட்கார்ந்தது உண்மையானால் அதற்குள் எப்படி எழுந்தது? அந்த லேசான உணர்வு, தசை கொஞ்ச நேரம் தளர்வதால் வருவது. அவ்வளவுதான்.

விரலில் நெட்டி எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்தார். இரண்டு கையிலுமே மூட்டுவாதம் வரவில்லை. ஒருவர் கதையை ஆதாரமாகக் கொள்ள முடியாது, சரி. நூற்றுக்கணக்கானவர்களைப் பரிசோதித்த ஆய்வுகளிலும் மூட்டுவாதத்துக்குத் தொடர்பு தென்படவில்லை. திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கிற பாட்டிகள் தாராளமாக முறிக்கட்டும். முட்டியில் வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் வந்தால், நீங்களாகக் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

கழுத்து வேறு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது, அவற்றின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் கட்டும் ரத்தம் மேலே போய் மூளையின் ரத்தக்குழாயை அடைக்கலாம். அபூர்வம்தான். ஆனால் அது யாருக்கு நடக்கும் என்று கழுத்தைப் பிடிப்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாற்காலியில் உட்கார்ந்ததுமே "அண்ணே, கழுத்து வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். சலூன் நடத்தும் அண்ணன்மார்களே, வாடிக்கையாளரே கேட்டாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

திருப்பிய சில நாட்களுக்குள் புதிதாகக் கழுத்துவலி, தலைவலி வந்தால் தைலத்தைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு, இந்த அறிகுறிகள் தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. போனதும் "கழுத்தைத் திருப்பினார்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். என்னிடம் வந்தவர் அதைச் சொல்லவே இல்லை. சலூனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தாராம்.