கரைவதற்கென்றே பூசிய நஞ்சு

1820களில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு தலைவலி. கப்பல் புழு மரத்தைத் துளைக்காமல் இருக்க அடிப்பகுதியில் அறைந்த செப்புத் தகடுகளைக் கடல்நீர் அரித்துக்கொண்டே இருந்தது. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி தகடுகளோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். அரிப்பு நின்றது. ஆனால் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற கடல் உயிரியும் அப்பிக்கொண்டன. செம்பு கரைந்துகொண்டிருந்ததால்தான் அவை அதுவரை அண்டவில்லை.

இன்று படகின் அடியில் பூசும் பாசித் தடுப்புப் பெயின்ட்டும் இதே கதைதான். அதில் பெரும்பாலும் இருப்பது குப்ரஸ் ஆக்சைடு என்ற செப்புச் சேர்மம். கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து நீரில் கலக்கிறது. இதில் மென்மையான வகை, செம்போடு சேர்ந்து தானும் தேய்ந்துபோகும். கெட்டி வகையில் செம்பு மட்டும் வெளியேறி, வெறும் தேனடைபோல் பெயின்ட்டின் கூடு மிஞ்சும். அதன்மேல் அடுத்த ஆண்டு இன்னொரு பூச்சு, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. ஒருநாள் மொத்தமும் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அப்போது சுரண்டித்தான் ஆகவேண்டும். எது எந்த வகை என்று தெரியவில்லையா? ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் நன்றாக ஒட்டினால் மென்மையான வகையாக இருக்கலாம்.

பழைய மரப்படகின் பெயின்ட்டைச் சுரண்டுவதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். அடி அடுக்குகளில் ஈயம் இருக்கலாம், 1960களில் புழக்கத்துக்கு வந்த டிரைபியூட்டைல் டின் என்ற நச்சுச் சேர்மமும் இருக்கலாம். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் கோணலாகத் தடித்ததற்கு இந்த டின் சேர்மமே காரணம் என்று தெரிந்ததும், 1982-இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2008-இல்தான்.

ஆகவே உலர்வாக உப்புத்தாள் போடக் கூடாது. அந்தத் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். சூடு காட்டி உரிப்பது அதைவிட மோசம், நச்சுப் புகை வரும். நீரைத் தெளித்து நனைத்துக்கொண்டே தேய்ப்பதுதான் வழி. வழியும் செந்நிறச் சேறு மண்ணுக்கோ கடலுக்கோ போகாமல் கீழே விரித்த தார்ப்பாயில் சேரவேண்டும். முகமூடியும் கையுறையும் கட்டாயம். தடித்த அடுக்குக்குச் சுரண்டி என்ற கைக்கருவி நல்லது. முதலில் அதன் இரு முனைகளையும் அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகையில் கோடு கோடாகப் பள்ளம் விழும். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இழுக்கவேண்டும்.

மணல் பீய்ச்சினால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று தோன்றும். இரும்புக் கப்பலுக்குச் சரி. பைன் போன்ற மரத்தில் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் உண்டு. மணல் மென்மையானதை மட்டும் தின்றுவிட்டு, பலகையை வரிவரியாக்கிவிடும். நீர் புகாமல் பலகை இடுக்குகளில் அடைத்த கலப்பற்றுப் பஞ்சையும், அதன்மேல் பூசிய மக்கு (புட்டி) என்ற பசையையும் பிய்த்தெறியும். ரசாயனப் பெயின்ட் நீக்கி அவ்வளவு முரட்டுத்தனமானதல்ல. இடுக்குகளில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பொறுமை சொன்னாலும், வேலையை மாதக்கணக்கில் இழுத்தடிக்க முடியாது. பெயின்ட் போன மரம் வேகமாக உலரும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் பலகை அகலவாக்கில் சுருங்கத் தொடங்கி, இடுக்குகள் வாய் திறக்கும். பதறிப்போய், இறுகிக் கெட்டியாகும் எப்பாக்சிப் பசையை அவற்றில் திணிப்பவர்கள் உண்டு. படகு மறுபடி நீரில் இறங்கிப் பலகைகள் ஊதும்போது விலக இடமிருக்காது. ஆணிகள் நெகிழும், உள்ளிருக்கும் விலாச் சட்டமே முறியலாம். நிழலில் வைத்துச் சீக்கிரம் முடித்து, ப்ரைமர் அடித்து, நெகிழும் மக்கை மட்டும் இடுக்குகளில் பூசி, படகைத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். முதல் சில நாட்கள் கொஞ்சம் ஒழுகும். பம்ப் கையோடு இருக்கட்டும்.